வரத்து, திறப்பு

ஆபீஸ் ரிஜிஸ்தரை
மூன்றாம் நாளே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.
இது வேறு.
தகரப் பெட்டியில், மழைக்கோட்டுக்கு அடியில்,
அதே மாதிரி கோடு போட்ட நீள நோட்டுகள் ஒன்பது.
காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு.
வரத்து. திறப்பு. குறிப்பு.

என் அப்பா உத்திராபதி
கொரடாச்சேரிக்குக் கிழக்கே ஒரு சட்ரஸில்
இருபத்தொன்பது வருஷம் லஸ்கர்.
ஆறு எவ்வளவு வந்தது, எவ்வளவு விட்டோம்
என்று எழுதிப் பழகிய கை
வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை.

‘செங்கமலம், காலை 6: 101.4.
பகல் 12: 102. ஈரத்துணி.
மாலை 6: 99. இட்லி ஒன்று, பாதி துப்பியது.’
‘குணாளன் கணக்கில் 34. அடிக்கவில்லை.’
‘மங்கைக்குச் சர்க்கரை 212. மாம்பழம் யார் வாங்கியது?
நான்தான்.’

கஜா அடித்த ராத்திரி அவர் சட்ரஸில் இருந்தார்.
விடிந்து, சாய்ந்து கிடந்த மரங்களுக்கு மேல்
சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்து
ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார்.
எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, நோட்டை எடுத்தார்.
‘ஓடு 41 போச்சு. மாட்டுக்கொட்டகை இல்லை.
மூவரும் உண்டு.’
அந்த ‘உண்டு’ மேல் மட்டும்
பேனா திரும்பவும் ஒருமுறை போயிருக்கிறது.

சில நாட்களில் வெறுமனே
‘வரத்து இல்லை.’
கரை தொட்டு ஆறு ஓடிய ஆடியில்கூட.
ஒரு மாதத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நாள்.
அம்மாவிடம் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து, போடாமலே பார்த்து,
“அதா? நான் பேசாம இருந்த நாளு” என்றாள்.
“அஞ்சு நாளா?”
“என் வளையல உங்க அத்தைக்குக் குடுத்துட்டாரு. ஒரு வார்த்த கேக்கல.”
கொஞ்சம் பொறுத்து,
“வேற வாங்கிக் குடுத்தாரு. அது அந்த வளையல் இல்ல.”
ஆறாம் நாள் பக்கத்தில்
‘வரத்து: சோறு போடவா என்றாள்.’

அவருக்கென்று ஒரு கட்டமும் இல்லை.
திருவாரூர் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்
எத்தனை நாளாக வலி என்று.
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.
இப்போது பார்த்தால்
கடைசிப் பக்கத்தில் செலவோடு செலவாக
‘சோடா 1’, ‘சோடா 1’, ‘சோடா 2’.

மேட்டூர் திறந்து பதினோராம் நாள்
எங்கள் பக்கம் தண்ணீர் வந்த காலையில்
அவர் போன் அடித்தது.
தினமும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.
புது லஸ்கர், முத்துப்பேட்டைப் பையன்.
“தெரியும்க்கா. தெரிஞ்சுதான் பண்ணுறேன்.
வேற யாரக் கேக்குறது?
மூணாவது பலகை ஏறவே மாட்டேங்குது.”

எனக்கென்ன தெரியும்.
கொல்லையில் கெளுத்தி கழுவிக்கொண்டிருந்த அம்மா
தலை நிமிராமல் சொன்னாள்:
“மொதல்ல அரைச்சுத்து கீழ எறக்கச் சொல்லு.
அப்புறம் ஏத்தணும்.
இடது பல்லுக்கு கிரீஸ் பத்தாது,
வேப்பெண்ணெ விடச் சொல்லு.”

பேசாத நாட்களிலும்
அவர் சுவரைப் பார்த்து அன்றைய கதையைச் சொல்லியபடி சாப்பிடுவார்.
அவள் காதில் விழாதவள்போல் ரசம் ஊற்றுவாள்.

போனுக்குள் பல்சக்கரம் ஒருமுறை கிறீச்சிட்டது.
நின்றது.
பிறகு தண்ணீர் விழும் சத்தம்,
பையன் என்னவோ கத்துகிறான், கேட்கவில்லை.
அம்மா செதில் ஒட்டிய கையை உதறிக்கொண்டு
என் பக்கத்தில் வந்து நின்றாள்.
“எவ்வளவு விடறான்னு கேளு” என்றாள்.